நெயில் பாலிஷ் கோடு

அக்டோபர் 9, திங்கள். காலை 7.40க்கு ஜெனரேட்டரை லைனில் சேர்த்தது நான். முள் உச்சிக்கு வருவதற்கு முன்பே சுவிட்சைத் திருப்பிவிட்டேன். தரை ஒரு முறை அதிர்ந்தது. மீட்டர்கள் உடனே சரியாகிவிட்டன. சிறிய தவறு. அடுத்த முறை அவசரப்படக் கூடாது.

இவ்வளவுதான் எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்து, 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அடித்ததும் ஏதோ பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிட்டது. அதனால் அடித்த சொல்லுக்கு மேலேயே மறுபடியும் 'சிறிய' என்று எழுதி நோட்டை மூடினாள். ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம். அவள் அப்படித்தான்.

ஆலையில் அவளுக்கு நோட்டு என்றே பேர். வைத்தது அவளுடைய அத்தான், அதாவது அக்கா புருஷன். அவரும் அதே ஆலையில்தான் வேலை. "இவ பக்கத்துல தும்மக்கூட முடியாதுப்பா, மணி போட்டு எழுதி வெச்சுடுவா" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. பயிற்சிக்குச் சேர்ந்த பதினோரு மாதத்தில் மூன்று நோட்டு நிரப்பியிருந்தாள். எண்ணெயின் சூடு, நீராவியின் அழுத்தம், எந்த வால்வு எந்தப் பக்கம் முனகுகிறது, எல்லாம் அதில் இருந்தன. தன் நினைவை அவள் நம்புவதில்லை. தன் கையையும் நம்புவதில்லை. நோட்டை மட்டும் நம்பினாள்.

அட்டைப் பெட்டிகளுக்கு அட்டை செய்யும் ஆலை அது. அதன் பின்பக்கம் சொந்தமாக ஒரு மின்கூடம். கொதிகலனிலிருந்து வரும் நீராவி டர்பைனைச் சுழற்றும். டர்பைன் தன்னோடு நேர்கோட்டில் பூட்டியிருக்கும் ஜெனரேட்டரைச் சுழற்றும். இரண்டுக்கும் நடுவே ஆள் தொடை பருமனுக்கு ஓர் இரும்புத் தண்டு. ஷாஃப்ட். டர்பைன் பக்கத்து ஷாஃப்டும் ஜெனரேட்டர் பக்கத்து ஷாஃப்டும் சந்திக்கிற இடத்தில் வட்டமாக எட்டு போல்ட் போட்டு முடுக்கிய கப்ளிங். அதன் மேல் தகர மூடி. அந்த மூடிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து எண்ணெய் பார்ப்பதுதான் அத்தானின் வேலை.

ஞாயிறுதோறும் கொதிகலன் கழுவ இயந்திரத்தை நிறுத்துவார்கள். திங்கள் காலை மறுபடி ஓட்டி, வெளியிலிருந்து வரும் பெரிய லைனோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதென்றால் வீட்டு விளக்குக்குச் சுவிட்சைப் போடுவது மாதிரி இல்லை. லைன் தன் தாளத்தில் போய்க்கொண்டே இருக்கும். அது யாருக்காகவும் நிற்காது. ஜெனரேட்டர்தான் அதன் வேகத்துக்கு வந்து, அதன் அடியோடு அடி வைக்கும் கணம் பார்த்து இணைய வேண்டும். அந்தக் கணத்தைக் காட்ட ஒற்றை முள்ளோடு ஒரு வட்ட மீட்டர் உண்டு. அதற்கு நீளமான ஒரு பேர் இருந்தாலும் அங்கே எல்லோருக்கும் அது கடிகாரம்தான். முள் மெல்லச் சுற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டில் இருக்கும்போது இரண்டும் ஒரே அடியில் இருக்கின்றன என்று பொருள். அப்போது ஜெனரேட்டரை லைனோடு இணைக்கும் பெரிய சுவிட்ச், பிரேக்கர், மூட வேண்டும்.

ஆனால் பிரேக்கர் ஒரு சோம்பேறி. கையைத் திருப்பியதும் மூடிவிடாது. உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு, தகடு நகர்ந்து, பூட்டிக்கொள்ள ஒரு இமைப்பொழுது ஆகும். அதற்குள் முள் நகர்ந்துவிடும். அதனால்தான் கடிகாரத்தின் கண்ணாடி மேல், கடிகாரக் கணக்கில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் முன்னால், எப்போதோ யாரோ சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவைத்திருந்தார்கள். முள் கோட்டைத் தொட்டால் கையைத் திருப்பு. இதுதான் அந்த அறையின் சட்டம். கோட்டைப் போட்ட மகராசி யார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

அந்தத் திங்கள் முள் கொஞ்சம் வேகமாகவே சுற்றியது. ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று. டர்பைன் பக்கம் சொல்லி வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். மூன்று சுற்று விட்டுவிட்டாள். பின்னால் ஷிப்ட் இன்ஜினியர் சாவிக்கொத்தைக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டு நின்றார். அது அவருடைய பழக்கம். அவசரப்படுத்தும் நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தச் சத்தம் முதுகில் குத்தியது. இவ்வளவு நேரமா என்று நினைக்கிறார் போல என்று தோன்றியது. முள்தான் வேகமாக வருகிறதே, கோட்டுக்கும் முன்னாலேயே திருப்புவோம் என்று நாலாவது சுற்றில் முள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால், பதினொன்றில் இருக்கும்போதே திருப்பிவிட்டாள்.

மேலே இருந்து யாரோ மூட்டையைப் போட்டது மாதிரி ஒரு சத்தம். தரை உதறியது. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்தது.

"என்னம்மா, கட்டடத்தையே தூக்கி வெச்சுட்டியா?" என்றார் இன்ஜினியர். மீட்டர்களை ஒரு நோட்டம் விட்டார். "ஓடுது. பழகப் பழகச் சரியாயிடும்."

அதோடு அது முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

மறுநாள் செவ்வாய், அவள் போகும் தொழிற்பயிற்சி மாலை வகுப்பில் எதேச்சையாக அதே பாடம் வந்தது. பாடம் எடுப்பவர் பகலில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. கரும்பலகையில் எழுதுவதைவிட எதையாவது கையில் கொடுத்துக் காட்டுவதுதான் அவருக்குப் பிடிக்கும். முகம் துடைக்கும் துண்டைத் தண்ணீரில் நனைத்து, அவளை ஒரு முனையும் முன்பெஞ்சுப் பையன் ஒருவனை மறுமுனையும் பிடிக்கச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே பக்கமா சுத்துங்க. துண்டு என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகலை சார்."

பேசிக்கொண்டே இருந்தவர் அவள் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்துத் திருப்பினார். துண்டு முறுக்கிக்கொண்டு தண்ணீர் தரையில் சொட்டியது.

"இவ கையைப் பிடிச்சேனே, அதுதான் லைன். எத்தனையோ மெஷின் சேர்ந்து ஓடற லைன் அது. உங்க ஒத்த மெஷினுக்காக அது நகருமா? தப்பான அடியில போய் சேர்ந்தா, ஜெனரேட்டரை ஒரே இழுப்பா இழுத்துத் தன் அடிக்குக் கொண்டுவந்துடும். அந்தப் பக்கம் டர்பைன் அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும். நடுவுல மாட்டிக்கிறது யாரு?"

"ஷாஃப்ட் சார்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன், "அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல மாட்டின மாதிரி சார்" என்றான். வகுப்பே சிரித்தது.

"அதேதான். ஆனா நீ வெளியில வந்து புலம்பிடுவ. ஷாஃப்ட் புலம்பாது. உள்ளுக்குள்ள மயிரிழை மாதிரி கீறல் விட்டுக்கிட்டு, ஒண்ணும் ஆகாத மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஈரத்துண்டு கையிலேயே இருந்தது.

"ஒரு தடவையிலேயே உடையுமா சார்?"

"உடையலாம், உடையாமலும் போகலாம். கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சுப் பாரு. எத்தனாவது வளைப்புல உடையும்னு கம்பிக்குத்தான் தெரியும். எல்லாரும் மறந்த பிறகு, என்னைக்காவது ஒரு நாள் காலையில டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது போகும். எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல கப்ளிங் போல்ட் மூடியைக் கிழிச்சுக்கிட்டுப் போய்க் கூரையில உட்கார்ந்துச்சு. பக்கத்துல ஆள் இல்லை, நல்லவேளை."

பக்கத்தில் ஆள் இல்லை. இங்கே ஒரு முழம் தள்ளி அத்தான் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவாமல் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா வீட்டில்தான் அவளும் இருந்தாள். ஒரே கூடம்; அதில் சாப்பாடு, அதில் படிப்பு, அதில் அக்காவின் இரண்டு வயதுப் பையனின் சண்டை.

"சாப்பாடு ஆறுது. தட்டுல கை வைக்காம என்னடி கிறுக்கிட்டு இருக்க?" என்றாள் அக்கா.

"ரெண்டே நிமிஷம்க்கா."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா. பரீட்சை எழுதப் போனா கேள்வித்தாள்ல தப்பு இருக்கான்னு பார்க்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்குவ."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு திங்களும் என்ன எழுதியிருக்கிறோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் முழுக்க ஒரே வரி: சத்தம் இல்லை. செப்டம்பர் நாலு: சத்தம் இல்லை. பதினொன்று: லேசான தட்டு. பதினெட்டு: தட்டு. இருபத்தைந்து: தட்டு, பேனா உருண்டது. அக்டோபர் இரண்டு: தட்டு. அந்த நாலு தட்டும் இன்ஜினியர் கையால் விழுந்தவை. ஒன்பதாம் தேதி விழுந்தது அவள் கையால்.

நாலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது? பத்தாம் தேதி, ஞாயிறு. அந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: பழைய பிரேக்கரைக் கழற்றிப் புதியது வைத்தார்கள்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

புதிய பிரேக்கர் பழையதைவிடச் சுறுசுறுப்பாக இருந்தால்? கோடு அந்தச் சோம்பேறிக்குப் போட்டது. சுறுசுறுப்பானவனுக்கும் அதே கோட்டில் திருப்பினால் அவன் முள் உச்சிக்கு வருவதற்கு முன்பே மூடிவிடுவான். அப்படியென்றால் ஒரு மாதமாகத் திங்கள்தோறும் ஷாஃப்டுக்கு ஒரு முறுக்கு. அதற்கு மேல் அவள் கொடுத்தது பெரிய முறுக்கு.

உடனே இன்னொரு எண்ணம் வந்தது. இது காரணமா, சாக்கா? தான் செய்த தப்பை மறைக்க பிரேக்கர் தலையிலும் இன்ஜினியர் தலையிலும் பழி போடப் பார்க்கிறோமோ? அவள் ஒரு தாளை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றில் தான் செய்ததை மட்டும் எழுதினாள்: முள்ளின் வேகம், திருப்பிய இடம், கேட்ட சத்தம். இன்னொன்றில் தட்டுகளின் தேதிகளை மட்டும் எழுதினாள்.

அத்தான் சாப்பிட்டு முடித்துப் பையனை முதுகில் ஏற்றிக்கொண்டு யானையாகிக் கொண்டிருந்தார்.

"அத்தான், ஸ்டூலை ஏன் கப்ளிங் பக்கத்துலேயே போடறீங்க?"

"அங்க உட்கார்ந்தாதான் பேரிங் பேசறது காதுல விழும்."

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்ல."

"ஏன், கப்ளிங் என்னைப் பத்தி உங்கிட்ட ஏதாவது புகார் சொல்லுச்சா?"

"இல்லை, சும்மாதான்."

"சும்மா எல்லாம் நீ கேக்க மாட்டியே" என்றார் அத்தான். ஆனால் முதுகில் இருந்தவன் காதைத் திருகியதால் பேச்சு அங்கேயே நின்றது.

சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? ஷாஃப்டில் கீறல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, நான்தான் காரணமாக இருக்கலாம் என்றா? கை கழுவ எழுந்தவளுக்கு, இன்னும் சாப்பிடவே இல்லை என்பது குழாயைத் திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புதன் காலை அரை மணி நேரம் முன்னதாகவே போனாள். பிரேக்கர் பெட்டிக் கதவின் உட்புறம் சோதனைத் தாள் ஒட்டியிருந்தது. மூடும் நேரம்: அறுபது மில்லி விநாடி. பழைய பிரேக்கரின் கோப்பு அலமாரியின் அடித்தட்டில் தூசியோடு கிடந்தது. அதில் முந்நூறு. ஐந்து மடங்கு வித்தியாசம். கணக்குப் போட்டாள், போட்டதை அடித்துவிட்டு மறுபடி போட்டாள். அவள் திருப்பிய இடத்தில் பழைய பிரேக்கராக இருந்திருந்தால் எட்டு பாகை முன்னதாக மூடியிருக்கும். புதியது இருபத்தாறு பாகை முன்னதாக மூடியிருக்கிறது. தப்பாகச் சேர்ப்பதைத் தடுக்க ஒரு காவல் ரிலே உண்டுதான். ஆனால் அது முப்பது பாகை வரை கண்டுகொள்ளாத ரகம்.

வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து, மூடிமேல் முழங்கையை ஊன்றி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

இன்ஜினியர் அப்போதுதான் வந்து பையை மேஜையில் வைத்தார்.

"சார், ஒரு விஷயம். திங்கக்கிழமை நான் தப்பாப் போட்டேன்."

"அதை இன்னுமா சுமந்துகிட்டு இருக்க? அதிர்வு மீட்டர் பாரு, எப்பவும் போலத்தான் இருக்கு."

அவள் முதல் தாளைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். "அஞ்சு விநாடிக்கு ஒரு சுத்தா? அவ்வளவு வேகத்துலயா போட்ட? டர்பைன் பக்கம் சொல்லிக் குறைச்சிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும் சார். நேரம் ஆகுதேன்னு..."

"யாரு உன்னை அவசரப்படுத்தினது?"

சாவிக்கொத்து அவர் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். "யாரும் இல்லை சார். நானேதான்."

இரண்டாவது தாள் இன்னும் அவள் கையில் இருந்தது. நாலு தேதி, நாலு தட்டு, நாலும் அவர் கை. மேலதிகாரியிடம் போய் நீங்களும் தப்பு செய்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவள் வாயால் சொல்லவில்லை. தாளையும், சோதனைத் தாளிலிருந்து குறித்த எண்ணையும், பழைய கோப்பையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் படித்தார். கோப்பைத் திறந்தார். மறுபடி தாளைப் பார்த்தார். சாவிக்கொத்து சத்தம் நின்றுபோயிருந்தது.

"இந்தத் தட்டு எல்லாம் நீ அப்பவே எழுதினதா, இப்ப எழுதினதா?"

"அப்பவே சார். நோட்டு இருக்கு."

"கேட்டும் கேக்காத மாதிரி இருந்திருக்கேன்" என்றார் அவர், அவளிடம் இல்லை, கோப்பிடம். "புது பிரேக்கர், கொஞ்சம் முரடு, அதான் சத்தம்னு நெனச்சேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து, பெயின்ட் அலமாரியிலிருந்து தின்னர் டப்பாவை எடுத்து, துணியில் நனைத்து, கடிகாரத்தின் கண்ணாடி மேல் இருந்த சிவப்புக் கோட்டை ஒரே துடைப்பில் துடைத்தார். அத்தனை வருடத்துச் சட்டம் ஒரு இளஞ்சிவப்புக் கறையாகத் துணியோடு போனது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம். இப்பவே நிறுத்திடலாம். மூடியைத் திறந்து பார்க்காம யாரும் அதுகிட்டப் போக வேண்டாம்."

"மானேஜர் சார் என்ன சொல்வாரு?"

"கத்துவாரு. கத்தட்டும்."

மானேஜர் கத்தினார். இன்ஜினியர் போனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அறை முழுக்கக் கேட்டது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல உனக்கு என்ன கேடு, லைன் மின்சாரத்தில் பாதி ஆலைதான் ஓடும், இதெல்லாம் யார் பேச்சைக் கேட்டு? அவள் சுவரோடு சுவராக நின்றாள். 'ஒரு பயிற்சிக்காரப் பொண்ணு' என்று அவர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "நாலு தடவை நான் முன்னாடியே மூடியிருக்கேன் சார். அஞ்சாவதும் என் முன்னால நடந்தது. திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

ஷாஃப்டில் கீறல் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். புதிய ஷாஃப்ட் செய்து வர நாலு மாதம் ஆகும். அதுவரை பாதி ஆலை, பாதி ஆட்கள். அதற்கும் முன்னாலேயே, ஓடும்போதே ஷாஃப்ட் உடைந்திருந்தால்? அவள் அத்தானின் ஸ்டூலைப் பார்த்தாள்; உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

இயந்திரம் ஆற ஒரு நாள் ஆனது. வியாழன் காலை மூடியைக் கழற்றினார்கள். வெளியிலிருந்து ஒரு சோதனைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். கப்ளிங் போல்ட் எட்டையும் எண் போட்டுக் கழற்றினார்கள். ஆறு சொன்னபடி கேட்டன. மூன்றாவதும் ஏழாவதும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தன. அடித்து எடுத்தபோது பக்கவாட்டில் நசுங்கிய தழும்பு தெரிந்தது.

"அடி வாங்கியிருக்கு" என்றார் சோதனைக்காரர். "போல்ட் வாங்கினது இவ்வளவுதானா, ஷாஃப்டும் வாங்கியிருக்கான்னு பார்ப்போம்."

ஷாஃப்ட் கப்ளிங்கோடு சேரும் கழுத்துப் பகுதியைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்தார். கீறல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். இருபது நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், உள்ளே இறங்கியது மட்டும் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும்.

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "எங்க வீட்டுல கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிக்க மாட்டாங்க" என்றார்.

"அக்காகிட்ட சொல்றேன்" என்றாள் அவள். கண் சாயத்தை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் அவர் திரும்பி அவளைச் சரியாகப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை ஸ்டூலைத் தள்ளிப் போடச் சொன்னியே, இதுக்குத்தானா?"

அவள் தலையாட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருந்தா தெருமுனை வரைக்கும் தள்ளிப் போட்டிருப்பேனே."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளைப் பொடி உலர்ந்தது. நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் வெள்ளை. பிறகு கழுத்தின் வலப்பக்கம், ஒரு விரல் நகம் அளவுக்கு, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஊறி எழுந்தது.

இன்ஜினியரின் முகம் சுண்டிப்போனது. ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று, ஐந்து நிமிடம் முன்னால், இருபத்தாறு பாகை. அவள் மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

சோதனைக்காரர் மட்டும் அவசரப்படவில்லை. தலையில் இருந்த கண்ணாடி தலையிலேயே இருக்க, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். விரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார். "முறுக்கினால வர்ற கீறல் சாய்வா போகும். இது நேரா போகுது. யாரோ எப்பவோ ஸ்பேனரை வழுக்க விட்ட தழும்பு மாதிரி இருக்கு. மாதிரின்னுதான் சொல்றேன். தேய்ச்சுட்டு மறுபடி போடறேன்."

மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை ஒரு மயிரளவு தேய்த்தார். கழுவினார். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தை அவள் கைக்கடிகாரத்தில் எண்ணினாள். ஏழாவது நிமிடம் அத்தான் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கையில் திணித்தார். பன்னிரண்டாவது நிமிடம் அது ஆறிப்போயிருந்ததைப் பார்த்தாள். பதினைந்தாவது நிமிடம் இன்ஜினியர் சாவிக்கொத்தை எடுத்தார்; இரண்டு கிலுக்கு கிலுக்கிவிட்டு, அவளைப் பார்த்து, சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளைப் பொடி தெளித்தார்கள். உலர்ந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. பத்தாவது நிமிடமும் அப்படியே இருந்தது. சோதனைக்காரர் விளக்கைக் கழுத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஷாஃப்டின் முனையில் ஒலிக்கருவியை வைத்து உட்புறத்தையும் பார்த்தார். அதற்கு இன்னொரு மணி நேரம். கடைசியில் கருவியை மூடிவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

"ஷாஃப்ட் நல்லா இருக்கு. அடியைப் போல்ட் வாங்கிக்கிச்சு. ரெண்டு போல்ட்டை மாத்திட்டு ஓட்டுங்க. இன்னும் நாலு திங்கக்கிழமை போயிருந்தா நான் இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியாது."

போன உயிர் திரும்பி வந்தது. அவள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். அது அத்தானின் ஸ்டூல்.

"ரொம்ப வசதியா இருக்குல்ல?" என்றார் அத்தான். "இதை விட்டு எந்திரின்னா எவன் எந்திரிப்பான்?"

இந்த முறை சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. சோதனைக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் தலைமேல் இருந்த கண்ணாடி சறுக்கி மூக்கில் உட்கார்ந்தது. "அட, இங்கதான் இருக்கா" என்றார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.

பிற்பகலில் இன்ஜினியர் பதிவேட்டை எடுத்து எழுதினார். அவள் எதிரே நின்றாள். செப்டம்பர் 11, 18, 25, அக்டோபர் 2: என் கையால். அக்டோபர் 9: என் மேற்பார்வையில், பயிற்சியாளர் கையால். எழுதிவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. கோடு தப்பா இருந்தது என் தப்பு, பிரேக்கர் மாத்தினப்பவே பாத்திருக்கணும். ஆனா முள் ஓடற வேகத்துல போட்டது உன் தப்பு. கோட்டைத் துடைச்சதால அது இல்லைன்னு ஆயிடாது."

"தெரியும் சார்."

"தெரியும்னுதான் சொல்றேன். ரெண்டாவது தாளை முதல்ல குடுத்திருந்தா நான் இவ்வளவு கவனமாப் படிச்சிருக்க மாட்டேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரே தடவையில் போட்டாள், திருத்தவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அத்தான் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். கடைத் தெரு திரும்பும் இடத்தில், "இங்க பாரு, உங்க அக்காகிட்ட எதையும் சொல்லாதே. ராத்திரி தூங்க மாட்டா" என்றார்.

"நீங்களே சொல்லிடுவீங்க அத்தான்."

"நானா? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார். மூடி, போல்ட், சிவப்புச் சாயம், பூதக்கண்ணாடி, எல்லாவற்றையும் கைகாலை ஆட்டிச் சொன்னார். சொல்லச் சொல்லக் கீறல் ஒரு விரல் நக அளவிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்தது. அக்கா இடுப்பில் பையனோடு நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் தங்கையைத் திட்டவில்லை, புருஷனைத் திட்டினாள்.

"சின்னப் பொண்ணு அவ சொல்றா, தள்ளி உட்காருங்கன்னு. கேட்டீங்களா?"

"காரணம் சொல்லலையே."

"காரணம் சொன்னாதான் கேப்பீங்களா? நான் சொல்ற எதுக்குமே காரணம் சொல்றதில்லை. கேக்கலையா நீங்க?"

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தங்கையின் தட்டில் இரண்டாவது தடவையாகச் சாப்பாட்டைப் போட்டாள். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள். செவ்வாய்க்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது.

சாப்பிட்டு முடித்ததும் போன் வந்தது. பட்டறையில் புதிய போல்ட் இரண்டையும் கடைந்து முடித்துவிட்டார்கள், காலையில் கொண்டுவந்து தருகிறார்கள் என்று இன்ஜினியர் சொன்னார். பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொன்னார். கப்ளிங்கில் ஒரு போல்ட் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தால் ஷாஃப்ட் சுற்றும்போது உதறும். அவள் சரி சார் என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

வெள்ளி காலை 7 மணி: புதிய போல்ட் இரண்டையும் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். பழைய ஆறின் எடையோடு ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.